டபுள் பாஸ் ஆடிஷன்: பத்து வரிக்கு ஆறு வாரம்

இளைஞர் ஆர்கெஸ்ட்ராவோ இசைக் கல்லூரியோ, ஆடிஷன் அறிவிப்பு வந்தால் ஒரு தனி உருப்படியோடு மூன்று நான்கு எக்ஸர்ப்ட்டுகளின் பெயரும் இருக்கும். சிம்பொனி ஒன்றின் டபுள் பாஸ் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, தாழ்ந்த ஒலி வாத்தியம்) பகுதியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுதான் எக்ஸர்ப்ட். பார்க்கப் பத்து வரிதான் இருக்கும். அதனாலேயே பலரும் மாதக்கணக்கில் தனி உருப்படியைத் தேய்த்துவிட்டு, இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். "அடுத்த ஆண்டு முயலுங்கள்" என்று பதில் வந்தது.

ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஆடிஷன்களில் அடிக்கடி கேட்கப்படும் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, மூன்றாம் பகுதியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: வில்லைத் தொடாதீர்கள்

அமைப்பாளர்கள் நோட்டேஷன் அனுப்பியிருந்தால் அதை மட்டுமே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நோட்டேஷன் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். பாஸ் பகுதியோடு முழு ஸ்கோரையும் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக உள்ள பிரதி) இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பதிவுகளை ஸ்கோரைப் பார்த்தபடியே கேளுங்கள். உங்கள் வரியை அல்ல, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் செல்லோவும் பாஸும் சி மைனரில் ரகசியம் பேசுவதுபோல் மேலேறும், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். டிரியோ என்ற நடுப்பிரிவு வந்ததும் எல்லாம் தலைகீழ்: சி மேஜர், சத்தம், ஓட்டம். பாஸும் செல்லோவும் தொடங்கிய மெட்டை ஒவ்வொரு பிரிவாக மேலே வாங்கிக்கொண்டு போகும். இந்த இடத்தை பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் குதூகலமாகத் துள்ளும் யானைக்கு ஒப்பிட்டார். அறையில் நீங்கள் தனியாக வாசித்தாலும், அந்த மற்றவர்கள் உங்கள் காதுக்குள் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். அது நடக்கிறதா இல்லையா என்று நடுவர்களுக்கு நாலே பாரில் (தாளச் சுற்றில்) தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பென்சில்

விரல் எண்களை ஒருமுறை முடிவு செய்து எழுதிவிடுங்கள், அப்புறம் மாற்றாதீர்கள். கீழ்ப் பொசிஷன்களில் (கை நிற்கும் இடங்களில்) மூன்றாம் விரலைத் தனியே பயன்படுத்தாத 1-2-4 என்ற சிமாண்டில் முறையே பெரும்பாலோர் பழகியது, அதிலேயே இருங்கள். எந்த இடத்தில் கை நகர்கிறது என்று சின்ன கோடு போட்டு வையுங்கள். நகர்வைக் கூடுமானவரை ஓப்பன் ஸ்ட்ரிங் (விரல் வைக்காத தந்தி) ஒலிக்கும் நேரத்தில் வைத்தால் கைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். மிகத் தாழ்ந்த தந்தியான ஈ-க்கும் கீழே நோட் வந்தால், நாலு தந்தி பாஸில் அதை ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே வாசிக்க வேண்டியதுதான். ஆனால் சொற்றொடரின் நடுவில் தாவாதீர்கள். எங்கே ஏறுவது என்று ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இடது கைக்கு விடுமுறை

இதைத்தான் யாரும் செய்வதில்லை. டிரியோவின் தாளத்தை, வில் மேலும் கீழும் போகும் அதே வரிசையில், ஓப்பன் டி தந்தியில் மட்டும் வாசியுங்கள். நோட் எதுவும் வேண்டாம். வில்லின் எந்த இடத்தில் ஒலி தெளிவாக வருகிறது, எந்த இடத்தில் கரகரக்கிறது என்று இரண்டே நாளில் பிடிபடும். பாதிப் பேர் "இடது கை வேகம் போதவில்லை" என்று புலம்புவது உண்மையில் வலது கைப் பிரச்சினை.

நான்காம் படி: சுருதிப்பெட்டி

நம் ஊர்க்காரர்களுக்கு இது கைவந்த வேலை. சுருதிப்பெட்டி செயலியில் சி-யை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோட்டையும் நீளமாக இழுத்துக் கேளுங்கள். பாஸின் ஒலி எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் கீழே இருப்பதால் சிறு பிசகு முதலில் காதில் படாது. அதனால் அதே சொற்றொடரை மேல் ஆக்டேவில் வாயால் பாடிவிட்டு வாசியுங்கள். பாட முடியாததை விரல் சரியாகத் தொடுவது அபூர்வம்.

ஐந்தாம் படி: மெட்ரோனோம்

பீத்தோவன் குறித்த வேகம், ஒரு பாருக்கு ஓர் அடியாக நிமிடத்துக்கு 96. கணக்குப் போட்டால் டிரியோவில் நொடிக்கு ஒன்பது நோட்டுக்கும் மேல் வருகிறது! பயப்பட வேண்டாம், இதைவிடச் சற்று நிதானமாக நடத்தும் கண்டக்டர்கள் நிறையப் பேர் உண்டு. முதல் வாரம் 50-இல் தொடங்குங்கள். மூன்று முறை தொடர்ந்து பிழையில்லாமல் வந்தால் மட்டும் இரண்டு மூன்று புள்ளி ஏற்றுங்கள். நான்காவது வாரத்தில் 80 தொட்டால் போதும். அப்புறம் மெட்ரோனோமை இரண்டு பாருக்கு ஒரு தட்டு, நாலு பாருக்கு ஒரு தட்டு என்று குறையுங்கள்.

இப்போது என் தோல்விக் கதை. டிரியோவின் இரண்டாம் பாதியில் பாஸ் இரண்டு முறை தொடங்கித் தொடங்கி நின்றுபோகும், மூன்றாம் முறைதான் ஓடும். அந்த இடைவெளிகளில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் மௌனம். பதற்றத்தில் எனக்கு அந்த மௌனம் ஒரு யுகமாகத் தெரிந்தது. எண்ணி முடிக்காமல் பாய்ந்துவிட்டேன். ஒரு நோட்கூடத் தப்பவில்லை, ஆனால் நடுவர் ஒருவர் பென்சிலைக் கீழே வைத்ததைப் பார்த்தேன். ஆகவே மௌனத்தையும் பயிற்சி செய்யுங்கள். இடைவெளியில் வில்லைத் தந்திக்கு மேல் அப்படியே நிறுத்தி, மனதுக்குள் எண்ணுங்கள். போனில் பதிவு செய்து, மெட்ரோனோமை ஓடவிட்டுச் சரிபாருங்கள்.

மற்ற துண்டுகள்

மொஸார்ட்டின் 40ஆம் சிம்பொனி முதல் பகுதியில் 114இலிருந்து 138 வரையிலான பார்களைக் கேட்பது வழக்கம். இங்கே சத்தம் உதவாது. வில் தந்தியில் லேசாகத் துள்ள வேண்டும், இரண்டு இரண்டாக எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி கடைசிப் பகுதியில் வரும் ரெசிடட்டிவ் வேறு வகை. செல்லோவும் பாஸும் பேசுவதுபோல் வாசிக்கும் இடம் அது. பின்னால் பாடகர் எழுந்து "நண்பர்களே, இந்த ஒலிகள் வேண்டாம்" என்ற பொருளில் பாடும் வரியைக் கேளுங்கள்; நீங்கள் முன்கூட்டியே வாசித்ததன் எதிரொலி அதில் இருக்கும். அந்த ஜெர்மன் சொற்களை வாயால் சொல்லிப் பார்த்தால் வில்லை எங்கே அழுத்துவது என்று தானாகப் புரியும். ஆனால் இழுத்து இழுத்து வாசிக்காதீர்கள். ரெசிடட்டிவ் போல, ஆனால் தாளத்துக்குள் என்று பீத்தோவனே குறிப்பு எழுதியிருக்கிறார்.

கடைசி வாரம்

தினமும் ஒருமுறை, விரல் சூடாவதற்கு முன்பே, எல்லாத் துண்டுகளையும் வரிசை மாற்றி ஒரே மூச்சில் வாசியுங்கள். வீட்டில் யாரையாவது உட்கார வைத்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு இசை தெரியாவிட்டாலும் உங்களுக்குக் கை நடுங்கும், அதுதான் தேவை. கிளம்பும்போது வில்லில் தேய்க்கும் ராஸினோடு, எண்ட்பின் (பாஸின் அடியில் தரையில் ஊன்றும் கம்பி) வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் பட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பான மரத்தரையில் பாஸ் முன்னால் சறுக்கினால் மொஸார்ட்டையெல்லாம் மறந்துவிடுவீர்கள்.

உள்ளே போனதும் உடனே தொடங்காதீர்கள். மிகச் சிக்கலான பாரை மனதுக்குள் பாடி, அந்த வேகத்தில் இரண்டு பார் எண்ணிவிட்டு வில்லை வையுங்கள். நடுவில் நிறுத்தி, "இதையே இன்னும் மெதுவாக, இன்னும் சத்தம் குறைத்து" என்று கேட்டால் மனம் உடைய வேண்டாம். சொன்னதைக் கேட்டு மாற்றுகிறீர்களா என்று பார்க்கிறார்கள். வீட்டிலேயே ஒவ்வொரு துண்டையும் இரண்டு வேகத்தில் பழகியிருந்தால், "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கலாம்.