ஷிரகவாகோ, கொகயாமா: மூன்று கூரைவீட்டுக் கிராமங்களை ஒரே நாளில் பஸ்ஸில் பார்ப்பது எப்படி?

ஜப்பானின் மலைப்பகுதியில் கைகூப்பிய வடிவில் செங்குத்தாக எழும் புற்கூரை வீடுகளைப் பார்க்க வருபவர்களில் பலர் ஒகிமாச்சி கிராமத்தோடு திரும்பிவிடுகிறார்கள். 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது மூன்று கிராமங்களை. கிஃபு மாகாணத்தில் ஷிரகவாகோவின் ஒகிமாச்சி; தொயாமா மாகாணத்தில் கொகயாமாவின் ஐனொகுரா, சுகனுமா. சிறிய இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. கூட்டம் குறைவு, வீடுகளை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

1. காலையிலேயே ஷின்-தகவோகா நிலையத்துக்கு வந்துவிடுங்கள். தோக்கியோவிலிருந்து வந்தால் ஹகுதகா என்ற அதிவேக ரயிலைப் பிடியுங்கள்; அதே பாதையில் ஓடும் ககயாகி ரயில் இங்கே நிற்பதில்லை.

2. அங்கிருந்து 'உலகப் பாரம்பரிய பஸ்' ஜொஹனா வழியாக ஐனொகுரா, சுகனுமா, ஷிரகவாகோ என்று மலையேறுகிறது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏறும்போது சிறு பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட சீட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஓட்டுநருக்கு மேலே உள்ள பலகையில் உங்கள் எண்ணுக்கு நேராகக் கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் சேர்த்துப் பெட்டியில் போட வேண்டும். சில்லறை மாற்றும் இயந்திரம் 1,000 யென் தாளை ஏற்கும். 10,000 யென் தாளை நீட்டினால் சிக்கல். நாணயங்களை முன்னதாகவே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்குச் சில பஸ்களே ஓடுகின்றன. எனவே எந்த ஊரில் எந்த பஸ்ஸில் இறங்கி, எதில் மறுபடி ஏறுவது என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். கைபேசி வரைபடத்தைவிட பஸ் நிறுவனத்தின் கால அட்டவணையைத்தான் நான் நம்புவேன். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும்.

3. ஐனொகுராகுச்சி நிறுத்தம் பிரதான சாலையில் இருக்கிறது. சிறிது மேட்டில் நடந்தால் கிராமம். சுகனுமாவில் வெடியுப்பு அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். வீட்டுத் தரைக்கு அடியில் மண்ணோடு செடிகளையும் பட்டுப்புழுக் கழிவையும் புதைத்து வெடியுப்பு எடுத்து, வெடிமருந்துக்காக அன்று இப்பகுதியை ஆண்ட ககா சிற்றரசுக்குக் கொடுத்தார்கள். மேலே பரணில் பட்டுப்புழு, கீழே வெடியுப்பு என்று வீடு முழுவதுமே தொழிற்கூடமாக இருந்தது.

4. ஒகிமாச்சியில் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் பழைய புற்கூரை வீடான வதா வீட்டுக்குள் போங்கள். கட்டணம் சில நூறு யென்தான். காலணியைக் கழற்ற வேண்டும். குளிர்காலத்தில் தடித்த காலுறை இல்லாவிட்டால் மரத்தரை உறைய வைத்துவிடும். செங்குத்தான படிகளில் பரணுக்கு ஏறி உத்திரங்களைக் கூர்ந்து பாருங்கள். கூரைச் சட்டகத்தில் ஆணியே கிடையாது. வைக்கோல் கயிறும் முறுக்கிய இளமரக் கொம்புகளும்தான் கட்டு. சாய்மரங்களின் அடி பென்சில் முனைபோலக் கூராகச் சீவப்பட்டு, கிடைமரத்தின் குழியில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. பனியும் காற்றும் அழுத்தும்போது சட்டகம் சற்று அசைந்து கொடுக்கும், முறியாது. கீழே எரியும் அடுப்பின் புகைதான் கட்டைகளைக் கருக்கி, பூச்சி அண்டாமல் காக்கிறது. இதைப் பார்க்காமல் மேட்டுக் காட்சிமுனையில் படமெடுத்துவிட்டு ஓடுவது பெரிய இழப்பு.

5. மாலையில் ஷிரகவாகோவிலிருந்து தகயாமாவுக்கு பஸ்ஸில் சுமார் 50 நிமிடம். கனசவாவுக்கும் பஸ் உண்டு. முன்பதிவு தேவைப்படும் சேவைகளில் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த டிக்கெட்டை எல்லாவற்றுக்கும் முன்பே வாங்குங்கள்.

பின்சேர்க்கை: பெரிய பெட்டியோடு வரலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ரயில் நிலையப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, முதுகுப்பையோடு மட்டும் வாருங்கள். ஆனால் அப்படிச் செய்தால் புறப்பட்ட நிலையத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். தகயாமாவில் தங்குவதாக இருந்தால் முதல் நாளே கூரியரில் விடுதிக்கு அனுப்பிவிடலாம்.

இன்னொருவர் ஷிரகவாகோவின் குளிர்கால இரவு விளக்கு அலங்காரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். அதற்கு முன்பதிவு கட்டாயம். சும்மா போய் நிற்க முடியாது. புகைபிடிப்பவர்கள் குறிக்கப்பட்ட இடத்தை விட்டு வெளியே தீப்பெட்டியை எடுக்கவே கூடாது. எல்லாம் புற்கூரை, இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள்.