கிரான் டூரிஸ்மோ 7: ஃபெராரி எஃப்40 காரைச் சுழலவிடாமல் ஓட்டுவது எப்படி?

கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தய வீடியோ கேமில் கிரெடிட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) சேர்த்து எஃப்40 வாங்கிய பலர் முதல் வளைவிலேயே பின்பக்கம் சுழன்று நின்றுவிடுகிறார்கள். இத்தனைக்கும் 1987இல் ஃபெராரி நிறுவனத்தின் 40ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த இந்தக் கார், பழகிவிட்டால் விளையாட்டில் உள்ள மிக இனிமையான கார்களில் ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்ளுங்கள். 2.9 லிட்டர் வி8 இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் எடை பின்பக்கம் மிகுதி. அதோடு இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் இரண்டு டர்போக்களும் ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் வேலை செய்யாமல், சற்றுப் பொறுத்து மொத்த விசையையும் ஒரேயடியாகப் பின் சக்கரங்களுக்கு அனுப்புகின்றன. ஆகவே, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டருக்கான ஆர்2 பொத்தானை முழுதாக அழுத்தினால், கார் இன்னும் நேராகாத நிலையில் அந்த விசை வந்து சேர்ந்துவிடும்.

பழகுவதற்குச் சுமார் 2 கிலோமீட்டர் நீளமே உள்ள ஜப்பானின் சுகுபா தடத்தை டைம் டிரையலில் (எதிராளி இல்லாமல் நேரத்தோடு மட்டும் போட்டியிடும் முறை) தேர்ந்தெடுங்கள். ஸ்போர்ட்ஸ் வகை டயர்களைப் பொருத்துங்கள். சக்கரங்கள் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை 3இல் வைத்துத் தொடங்குங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்க வேண்டாம்.

நேர்ச்சாலை முடிந்து வரும் வலப்பக்க ஊசிவளைவுக்கு முன், கார் நேராக இருக்கும்போதே பிரேக்குக்கான எல்2 பொத்தானை அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். காரைத் திருப்பத் தொடங்கும்போது பிரேக்கைச் சட்டென விடாமல், சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். முன் டயர்கள் மீது எடை நிற்கும்வரைதான் அவை சாலையைப் பற்றிக்கொள்ளும். வளைவின் உட்புள்ளியை (கார் உள்விளிம்பை மிக நெருங்கும் இடம்) கடந்ததும் ஆக்சிலரேட்டரைக் கால்வாசி மட்டும் அழுத்தி, ஸ்டியரிங் நேராகும் அளவுக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டுங்கள்.

கடைசியில் வரும் நீண்ட வலது வளைவில்தான் பொறுமை தேவை. அங்கே பயந்து ஆக்சிலரேட்டரை முழுவதுமாக விட்டுவிட்டால் எடை முன்னே பாய்ந்து பின்பக்கம் நழுவும். எனவே, ஒரே சீராக லேசாக அழுத்திப் பிடித்தபடி செல்லுங்கள்.

தொடர்ந்து பத்துச் சுற்றுகளைச் சுழலாமல் முடித்த பின், டிராக்ஷன் கன்ட்ரோலை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். திசைப் பொத்தான்களைக் கொண்டு ஓடும்போதே இதை மாற்றலாம். 1க்கு வந்ததும் டர்போ விசை எழும் கணம் கையிலேயே தெரியத் தொடங்கும்.