வேலியோரச் சீந்தில்: பறிப்பது, காய்ச்சுவது, நிறுத்துவது

சீந்தில் கொடியை வெட்டி வேப்பங்கிளையில் அப்படியே தொங்கவிட்டால் சீக்கிரத்தில் காயாது. நூல் மாதிரி விழுதை மண்ணை நோக்கி இறக்கும். அது தரையைத் தொட்டதும் மறுபடி தழைக்கும். சாகாமூலி என்ற பேர் அதற்குப் பொருத்தம்தான். ஆனால் குடிப்பவருக்கும் அந்த ஆயுள் வந்துவிடும் என்று கொரோனா காலத்தில் பலர் மாதக்கணக்கில் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். 2022-இல் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் கணக்கை வெளியிட்டன. அதில் பலர் ஒன்றரை மாத அளவுக்குக் குடித்து வந்தவர்கள். ஆயுஷ் அமைச்சகமோ சீந்தில் பாதுகாப்பானது, அதே சாடையுள்ள டினோஸ்போரா கிறிஸ்பா என்ற வேறு கொடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றது. இந்த வாதம் எப்படிப் போனாலும் வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு: கொடியைச் சரிபார்ப்பதும் குடிக்கும் நாட்களை எண்ணுவதும்.

முதலில் கொடி. நம் வேலூர்ப் பக்கம் காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை வேலி வேலியாக இதய வடிவ இலைக்குப் பஞ்சமில்லை. இலையை மட்டும் பார்த்துப் பறித்தால் வேலிப்பருத்தியையும் சேர்த்துக் கொண்டுவருவீர்கள். காம்பை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது வேலிப்பருத்தி, விட்டுவிடுங்கள். சீந்திலில் பால் வராது. இலை வழவழவென்று இருக்கும், நீளமான காம்பு அடியில் தடித்து லேசாக முறுக்கியிருக்கும். முற்றிய தண்டின் மேல் காகிதம் போல ஒரு தோல், நகத்தால் சுரண்டினால் உரியும், உள்ளே பச்சை. குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி கோடுகள் நடுவிலிருந்து விரியும். தண்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் எழும்பியிருப்பது இயல்பு. தண்டு முழுக்கப் பரு வெடித்தது போல் பெரிய பெரிய முண்டுகள் இருந்தால் அது ஒன்றுவிட்ட தம்பி கிறிஸ்பா. நர்சரியில் சீந்தில் என்று வாங்கும் கன்றில் இதைக் கட்டாயம் பாருங்கள். கடைப் பொடியில் இந்த அடையாளம் ஒன்றும் மிஞ்சாது என்பதால் பொடி வாங்குவதைவிடக் காய்ந்த தண்டை வாங்கி இடிப்பது மேல்.

பறிக்கும் இடமும் முக்கியம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடிய கால்வாய்க் கரையிலோ பாலாற்றின் அந்த ஓரங்களிலோ வளர்ந்ததைத் தொடாதீர்கள். குரோமியம் மண்ணிலேயே தங்கும். பெருவிரல் தடிமனுக்கு முற்றிய தண்டை மே மாதத்தில், அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெட்டுவது நல்லது. அப்போது இலை உதிர்ந்திருக்கலாம் என்பதால் இலை இருக்கும்போதே கொடியை அடையாளம் பார்த்து ஒரு துணியைக் கட்டி வையுங்கள்.

குடிநீர் எனப்படும் கஷாயத்துக்கு, தோல் சீவி நிழலில் காயவைத்த தண்டை ஒன்றிரண்டாக இடித்து 5 கிராம் எடுங்கள். 200 மி.லி. தண்ணீரில் போட்டுச் சிறுதீயில் 50 மி.லி. ஆகும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். பெரியவர்களுக்கு அது ஒரு வேளை. மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். பொடியாகவே சாப்பிடுவதென்றால், 2020-இல் ஆயுஷ் சொன்ன அளவு 1 முதல் 3 கிராம், நாளைக்கு இரண்டு வேளை, 15 நாள் முதல் ஒரு மாதம். வீட்டு வைத்தியத்துக்கு 15 நாளோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சித்த மருத்துவரைப் பார்த்த பிறகுதான்.

சீந்தில் சர்க்கரை என்பது இனிக்காது. தண்டிலுள்ள மாவுதான் அது. ஒரு கிலோ பச்சைத் தண்டைக் கழுவித் தோல் சீவி இரண்டு அங்குலத் துண்டாக்கி உரலில் நையக் குத்துங்கள். மிக்சியில் நார் பிளேடைச் சுற்றிக்கொள்ளும், சூட்டில் மாவும் பிசுபிசுக்கும். நாலு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கை வழுக்கும்வரை பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நாலைந்து மணி நேரம் ஆடாமல் அசையாமல் வைத்தால் அடியில் வண்டல் படியும். மேல்நீரைப் பாத்திரம் குலுங்காமல் மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். அவசரப்பட்டால் பாதி மாவு சாக்கடைக்குப் போகும். புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி தெளியவிட்டு, மேல்நீர் நிறமில்லாமல் வரும்வரை இப்படியே செய்யுங்கள். வேலூர் வெயிலுக்கு இந்த வேலை ஒரே பகலில் முடிய வேண்டும். விட்டால் நுரைத்துப் புளித்து நாறும். அதைக் காயவைத்தும் பயனில்லை, கொட்டிவிடுங்கள். கடைசி வண்டலைத் தட்டில் பரப்பி மெல்லிய துணி மூடி உலர்த்தினால், ஒரு கிலோவுக்குச் சில தேக்கரண்டிதான் தேறும். கடையில் சல்லிசாகக் கிடைப்பது மரவள்ளி மாவாக இருக்கலாம். அயோடின் சொட்டுவிட்டுப் பார்ப்பது வீண், இரண்டுமே நீலமாகும்.

யார் தொடக்கூடாது? கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் குடிப்பழக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முடக்குவாதம் லூபஸ் போல உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் உள்ளவர்கள். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒரு மடக்குகூடக் குடிக்கக்கூடாது. 1971-லேயே சி.எம்.சி. மருத்துவமனையில் அந்த அறுவை நடந்த ஊர் வேலூர். அப்படிப்பட்டவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் சாப்பிடும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதற்கு, சீந்திலோ அதைத் தட்டி எழுப்புவதற்கு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

காய்ச்சலுக்குக் குடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் வேலூர்ப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) அதிகம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கடியில் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அது இருக்காது, வலிக்காததால் இருந்தாலும் தெரியாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் கேட்கும் காய்ச்சல் அது. கஷாயத்தை நம்பி ஒரு வாரம் தள்ளினால் நுரையீரல் வரை போகும். டெங்குவிலும் கஷாயத்தை நம்பி நாளைத் தள்ளாதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

குடித்து வரும்போது பசி செத்துப்போவது, காரணமில்லாத அசதி, உடம்பெல்லாம் அரிப்பு, கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் இதில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்துங்கள். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லியை அரைக்க உட்காராதீர்கள். கல்லீரல் நிலையைக் காட்டும் பிலிருபின், எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் கல்லீரல் தேறிவிடும், ஆனால் வாரக்கணக்காகும். மீதிப் பொடியையும், இலையோடு ஒரு சாண் கொடியையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை நாள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.