யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்கு

ஊருக்கு வரும் புலம்பெயர் உறவுகளில் பலர் கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு வாடகை வானில் ஏறி இரவோடிரவாக யாழ்ப்பாணம் போய்விடுகிறார்கள். போகும்போதோ திரும்பும்போதோ ஒரு வழியையாவது ரயிலுக்கு ஒதுக்குங்கள். அதுவும் பகல் வண்டியாக இருக்கட்டும். இருட்டில் போனால் வன்னிக் காடும் ஆனையிறவும் கண்ணில் படாது. கொழும்புக் கோட்டையில் ஏறலாம். விடுமுறைக் காலங்களில் ஆசனங்கள் விரைவில் முடிந்துவிடும். முன்பதிவு செய்துகொள்ளுங்கள், கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

யாழ்ப்பாண நிலையத்தின் வரலாறு தெற்கிலிருந்து தொடங்கவில்லை. 1902 மார்ச் 11 அன்று காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது கொழும்புக்குப் பாதையே கிடையாது. அதே ஆண்டில் பாதை பளை வரை நீண்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வண்டி வடக்குக்குள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வந்த பாதை 1904இல் அநுராதபுரத்தைத் தொட்டு, வன்னியை ஊடறுத்து, 1905 ஆகஸ்ட் 1 அன்று முழுமையானது. அன்று கொழும்பிலிருந்து வந்த முதல் வண்டிக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. வண்டில் கட்டிக் காடு கடந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்! தெற்கில் அரசாங்க உத்தியோகம் பார்த்த எத்தனையோ யாழ்ப்பாணத்தவர் தை, சித்திரைக்கு ஊர் வந்து சேர்ந்தது இந்த நிலையத்தின் வழியாகத்தான். 1956இல் யாழ்தேவி என்னும் கடுகதி ரயில் வந்தது.

1990 ஜூனில் போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. நிலையம் கூரையிழந்து சுவர்களாக நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இன்று நீங்கள் காணும் கட்டடம் இந்தியக் கடனுதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2014 அக்டோபர் 13 அன்று திறக்கப்பட்டது. சின்ன வயதில் இங்கிருந்து கொழும்புக்கு ஏறிய பெற்றோர் உடன் வந்தால் மேடையில் அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஒருநாள் காங்கேசன்துறை வரையும் போய்வாருங்கள். கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை என்று போகும் அந்தத் துண்டு 1902இலேயே ரயில் கண்ட பாதை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலையும் அந்தப் பக்கந்தான். திரும்பும் வண்டியின் நேரத்தை யாழ்ப்பாண நிலையத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் பஸ் இருக்கிறது.