பழைய ஆபீஸ் நெட்வொர்க்கை நீட்டும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் ஓர் ஆபீஸில் பையன் ஒருவன் நெட்வொர்க் கேபிளின் முனையில் பிளக் வைத்து கிரிம்ப் அடித்துக்கொண்டிருந்தான். எட்டுக் கம்பிகளையும் ஜோடி ஜோடியாக வரிசையில் செருகினான். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தது. "ஓகேண்ணா" என்றான். ஆனால் பிளக்கில் 3ஆம் இடமும் 6ஆம் இடமும், ஒன்றாக முறுக்கிய ஒரே ஜோடியாக வர வேண்டும். அவன் 3ஐயும் 4ஐயும் ஜோடியாக்கியிருந்தான். விளக்கு எரியும், வயர் நீண்டால் டேட்டா உதிரும். திட்ட வாய் வரவில்லை. 1997இல் நானும் இதையேதான் செய்தேன், வேறு வயரில்.

டிவி வயர்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனி. (அப்போது ஊர் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.) தின் ஈதர்நெட் என்ற பழைய வகை நெட்வொர்க். ஒரே கருப்பு வயர் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக ஏறி இறங்கிப் போகும். கம்ப்யூட்டருக்கு ஒரு டி (T வடிவ இணைப்பி), இரண்டு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பாமல் உறிஞ்சும் மூடி). இப்படி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரு செக்மென்ட். அது 185 மீட்டர், 30 இணைப்பு வரை தாங்கும்.

கேட்டருகே இருந்த எடைமேடை அறைக்கும் லைன் கேட்டார்கள். இன்னும் நாற்பது மீட்டர் வேண்டும். இதற்கான ஆர்ஜி-58 வயர் வாங்க பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குத்தான் போக வேண்டும். கேபிள் டிவிக்காரரிடம் ஆர்ஜி-59 என்ற டிவி வயர் சுருள் சுருளாகக் கிடந்தது. அதுவும் கருப்பு, அதற்கும் அதே பி.என்.சி. பிளக் உண்டு. மாட்டினேன், லாகின் வந்தது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

சீசன் வந்தது. பெங்களூரா மாங்காய் லாரிகள் ரோடு வரை நிற்கின்றன, எடைமேடை கம்ப்யூட்டர் தொங்குகிறது. ஒருவர் மட்டும் வேலை செய்தால் ஓடும், நாலு பேர் உட்கார்ந்தால் நிற்கும். கார்டை மாற்றினேன். டிரைவரை மாற்றினேன். சர்வரைக் குறை சொன்னேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 25 ஓமை ஒட்டிக் காட்டியது. இரண்டு டெர்மினேட்டரும் இருந்தால் அவ்வளவுதான் வரும், ஆகவே லைன் சரி என்று முடிவு கட்டினேன்.

அங்கேதான் நான்கு நாள் போனது. டிவி வயரின் 75 ஓமை மீட்டர் காட்டவே காட்டாது. அது கம்பியின் சாதாரண ரெசிஸ்டன்ஸ் இல்லை, வேகமாக ஓடும் சிக்னலுக்கு வயர் காட்டும் குணம். 50 போய் 75 தொடங்கும் இடத்தில் சிக்னல் வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. வந்த பாக்கெட்டோடு மோதுகிறது. கடைசியில் வயரின் மேலே அச்சடித்திருந்த எழுத்தைப் படித்தேன். முதல் நாளே படித்திருக்கலாம். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

வால்

டியை நேராகக் கார்டில் மாட்டுங்கள். நடுவே ஒரு முழ வயர்கூட வாலாக நீளக் கூடாது.

எர்த்

வயரின் ஒரு கோடியில் மட்டும் எர்த் கொடுங்கள்.

மீட்டரில் 50 வந்தால்

ஒரு டெர்மினேட்டர் கழன்றிருக்கிறது, இல்லை வயர் அறுந்திருக்கிறது. கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு, நடு டி ஒன்றைக் கார்டிலிருந்து கழற்றி அங்கே அளந்து பாருங்கள். பிறகு லைனைப் பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். ஓரத்திலிருந்து ஒவ்வொரு டேபிளாகத் தவழ்ந்து போகாதீர்கள்.

ஐ.ஆர்.க்யூ.

சரி, வயரை மாற்றியாயிற்று. அப்புறமும் எடைமேடை கம்ப்யூட்டர் மட்டும் அடம்பிடித்தது. எடை காட்டும் பெட்டி காம்-2 என்ற சீரியல் போர்ட்டில் மாட்டியிருந்தது, அதற்கு ஐ.ஆர்.க்யூ. (ப்ராசஸரைக் கூப்பிடும் லைனின் எண்) 3. நான் புதிதாகப் போட்ட நெட்வொர்க் கார்டும் 3. லாரி ஏறி எடை வரும்போதெல்லாம் நெட்வொர்க் போனது. கார்டில் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பரை 10க்கு மாற்றினேன்.