இதயச் செயலிழப்பு நோயாளியின் நலிவை அளப்பது எப்படி?

வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் வயதைப் பார்த்தே ‘நலிந்தவர்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார்கள். நலிவு என்பது வயதல்ல, இதயத்தின் பலவீனம் மட்டுமும் அல்ல. உடம்பின் கையிருப்பு கரைந்துபோய், ஒரு சாதாரணக் காய்ச்சலே ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும் நிலை அது. அதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்து பாருங்கள்.

1. முதலில் கேளுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு அட்மிட் ஆன அன்று நடக்கவிட்டு அளக்கக் கூடாது. கூட வந்தவரிடம், “ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வீட்ல எப்படி இருந்தாங்க? குளிக்க, சமைக்க, கடைக்குப் போக யாராவது துணை வேணுமா?” என்று கேளுங்கள். கனடாவின் முதியோர் மருத்துவர் ராக்வுட் குழுவின் மருத்துவ நலிவு அளவுகோல் (Clinical Frailty Scale) இதைத்தான் 1 முதல் 9 வரை வகைப்படுத்துகிறது. அதில் 5-இலிருந்து நலிவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கே இது பொருந்தும்.

2. எடையை அப்படியே நம்பாதீர்கள். 2001-இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைட் குழு வகுத்த ஐந்து அடையாளங்கள்: தானாக எடை குறைதல், களைப்பு, பிடிவலு குறைதல், மெதுநடை, நடமாட்டக் குறைவு. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசல். ஆனால் இந்த நோயில் சதை கரைந்த இடத்தை நீர் நிரப்பிவிடும். மாதக்கணக்கில் எடை மாறாத ஒரு அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. வீக்கம் வடிந்த பின் எடை பாருங்கள். நெற்றிப்பொட்டுக் குழி, மேல்கை, தோளில் தொளதொளக்கும் ரவிக்கை எல்லாவற்றையும் கவனியுங்கள்.

3. நடக்கச் சொல்லுங்கள். உடல் நிலைப்பட்டதும் தரையில் 4 மீட்டருக்கு டேப் ஒட்டி, முன்னும் பின்னும் ஒரு மீட்டர் விடுங்கள். “வீட்ல நடக்கிற மாதிரியே நடங்கம்மா” என்று சொன்னால் போதும், அவசரப்படுத்த வேண்டாம். கைத்தடி இருக்கலாம். பக்கத்திலேயே நடந்து வாருங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்துங்கள். இருமுறை அளந்து சிறந்ததை எடுங்கள். 5 விநாடியைத் தாண்டினால் மெதுநடை. மூட்டுவலியால் தாமதமானால் அதையும் எழுதுங்கள்.

அடுத்து, சுவரோடு ஒட்டிய நாற்காலியில் கைகளை மார்பில் கட்டி ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைவு என்பது தசை இழப்பு பற்றிய ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை.

4. நினைவாற்றலும் வீடும். மூன்று சொற்களைச் சொல்லி, கடிகாரம் வரையச் சொல்லி, அந்தச் சொற்களைத் திரும்பக் கேளுங்கள். நீர் மாத்திரை போட்டோமா என்று மறப்பவருக்கு மருந்துச் சீட்டு மட்டும் போதாது. தனியாக இருக்கிறாரா, சாப்பாடு யார் தருகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

5. எழுதுங்கள், செயல்படுங்கள். நலிவைக் காரணம் காட்டி மருந்தை மறுப்பது பெரிய தவறு. நின்ற நிலையில் ரத்த அழுத்தம் பாருங்கள், பிசியோதெரபிக்கு அனுப்புங்கள். 2021-இல் வெளியான, இதயச் செயலிழப்புள்ள 349 முதியோர் பற்றிய ஆய்வில், ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிய வலு, சமநிலைப் பயிற்சியால் உடல் இயக்கம் தேறியது. அடுத்த விசிட்டில் அதே டேப், அதே நாற்காலியில் மறுபடி அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.