குப்பையை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்? வீட்டிலேயே கணக்குப் போடலாம்

குப்பைத் தொட்டி நாறுகிறது என்கிறோம். நாறுவது அதிலுள்ள ஈரம் மட்டும்தான். பேப்பரும் பாட்டிலும் மூலையில் ஒரு மாதம் கிடந்தாலும் தொந்தரவில்லை. அதனால் தினமும் எடுக்க வேண்டுமா, வாரம் ஒருமுறை போதுமா என்று கேட்பதற்கு முன்னால் ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் பிரித்துவிடுங்கள்.

படி 1: மூன்று இடம் ஒதுக்குங்கள்

ஈரக் குப்பைக்கு மூடி போட்ட வாளி. அது சின்னதாகவே இருக்கட்டும். பெரிய வாளி வைத்தால் நிரம்பட்டும் என்று விட்டுவிடுவோம், அதற்குள் அடியில் இருப்பது அழுகிவிடும். நான் முதலில் செய்த தப்பு இதுதான். உலர் குப்பைக்கு ஒரு பெரிய பை. பேட்டரி, பல்பு, பிளேடு போன்றவற்றுக்குத் தனித்தனியாகச் சின்ன டப்பாக்கள்.

படி 2: ஈரத்தை வடியுங்கள்

காய்கறித் தோலை வடிகட்டியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு வாளியில் போடுங்கள். வாளியின் அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் மீதித் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும்.

படி 3: உலர் குப்பையைச் சோதியுங்கள்

பாட்டில், டப்பாவை ஒரு அலசு அலசிக் காயவைத்தால் போதும். பளபளக்கத் தேய்க்க வேண்டியதில்லை. எண்ணெய் ஊறிய பேப்பரை மட்டும் நல்ல பேப்பரோடு சேர்க்காதீர்கள். மறுசுழற்சிக்காகப் பேப்பரைக் கூழாக்கும்போது அந்த எண்ணெய் நாரைவிட்டுப் போகாது.

கடை ரசீதை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது ரசாயனம் பூசிய தாள். பழைய பேப்பரோடு அதுவும் சேரக் கூடாது.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும். மறுசுழற்சி ஆகும் என்பதற்கான உத்தரவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்கிறது. பொதுவாக 1, 2 எண் போட்ட பாட்டில்களை எளிதில் எடுத்துக்கொள்வார்கள்; மற்றவற்றை, எடுப்பவரிடம் கேட்டுவிட்டே சேருங்கள். அலுமினிய கேனை ஒன்றுகூட விடாதீர்கள். அதை உருக்கி மறுபடி அலுமினியமாக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட ஏறத்தாழ 95 சதவீதம் குறைவான ஆற்றல் போதும்.

படி 4: பேட்டரி முனையில் டேப் ஒட்டுங்கள்

லித்தியம் பேட்டரி குப்பை வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டி, தனியாகச் சேர்த்து, அவற்றுக்கென இருக்கும் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

படி 5: தேதி எழுதுங்கள்

வாளியிலும் பையிலும் தலா ஒரு சீட்டு ஒட்டி, காலி செய்யும் தேதியை ஒரு மாதம் குறித்து வாருங்கள். என் வீட்டில் ஈர வாளி இரண்டு நாளும், உலர் பை மூன்று வாரமும் தாங்கியது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும்.

ஆனால் ஈரக் குப்பைக்கு ஒரு வரம்பு உண்டு, அதை வைத்தது ஈ. வெயில் காலத்தில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் பொரிந்து புழுவாகும். 7 முதல் 10 நாளில் அந்தப் புழு ஈயாகப் பறந்துவிடும். எனவே எந்தக் காலத்திலும் ஈரக் குப்பை ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. வெயிலில் வாரம் இரண்டு முறையாவது வெளியேற வேண்டும். வண்டி வாரம் ஒருமுறைதான் வருகிறதா? அழுகக்கூடியதைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, வண்டி வரும் காலையில் எடுத்துப் போடுங்கள். இடமிருந்தால் உரத்தொட்டி இன்னும் நல்லது.

வாளியைக் கழுவியதும் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஈரமாகவே மூடி வைத்தால் மறுநாளே நாற்றம் வந்துவிடும்.